எத்தனை மணிக்கு?

உங்கள் வீட்டில் கடிகாரம் எங்கே மாட்டியிருக்கிறது? கூடத்தில் ஒன்று இருக்கும். சமையலறையிலும் ஒன்று இருந்தால் விசேஷம். "ஆளுக்கொரு கைபேசி இருக்கிறதே, கடிகாரம் எதற்கு அம்மா?" என்று உங்கள் பிள்ளை கேட்பான். கேட்கட்டும். இந்த வாரம் நான் சொல்ல வந்த விஷயம் கடிகாரத்தில்தான் போய் முடியப் போகிறது. ஆனால் நேரே அங்கே போக வழியில்லை. ஒரு வியாதியைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதன் பெயரைச் சொன்னால் நீங்கள் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடுவீர்களோ என்று எனக்குக் கொஞ்சம் பயம்.

பாரிசவாயு. பக்கவாதம் என்பதும் அதுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ‘ஸ்ட்ரோக்’ என்பதும் அதுதான்.

நம் வீட்டுப் பெரியவர்கள் இந்தப் பெயரை உரக்கச் சொல்லமாட்டார்கள். "அவருக்கு... அதுதான்... ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டதாம்" என்று குரலைத் தாழ்த்தி, சொன்ன கையோடு கன்னத்திலும் போட்டுக்கொள்வார்கள். பெயரைச் சொன்னால் வீட்டுக்குள் வந்துவிடும் என்று ஓர் எண்ணம். நம்மைச் சொல்வானேன்? 1953-ம் வருஷம் ஜூன் மாதம் இங்கிலாந்தின் பிரதம மந்திரி சர்ச்சிலுக்கு, விருந்து நடந்துகொண்டிருந்தபோதே பாரிசவாயு கண்டது. பத்திரிகை முதலாளிகளுக்கு விஷயம் தெரியும். ஆனால் ஊருக்குச் சொன்னது, "பிரதமருக்கு ஓய்வு வேண்டும்" என்பது மட்டும்தான். இரண்டாவது உலக யுத்தத்தைப் பற்றி அத்தனை பேசியவரின் வீட்டிலும் இந்த ஒரு விஷயத்தில் நம் பாட்டிமார் வழக்கம்தான்!

பெயரைச் சொல்லாவிட்டாலும் அது வராமல் இருப்பதில்லை. இருபத்தைந்து வயது தாண்டியவர்களில் நாலு பேருக்கு ஒருவர் தம் ஆயுளில் ஒரு தடவையாவது இதற்கு ஆளாகக்கூடும் என்று 2018-ல் வெளிவந்த உலகக் கணக்கு சொல்கிறது. அடுத்த தடவை நாலு பேராக உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டும்போது இதை நினைத்துக்கொள்ளாதீர்கள், ஆட்டம் கெட்டுவிடும்.

என்னைக் கேட்டால், ‘வாயு’ என்ற பெயரே பாதிக் கோளாறு. பழைய வைத்திய நூல்களில் வாதம், வாயு என்பதற்கெல்லாம் ஆழமான அர்த்தம் உண்டு. அதே சொல் சமையலறைக்கு வந்து சேர்ந்தபோது வெறும் வயிற்றுப் பொருமலாகிவிட்டது. வாயு என்றதும் நம் கை பெருங்காய டப்பாவைத் தேடுகிறது. ஓமம், சுக்கு, சோடா என்று மனம் ஓடுகிறது. கையும் காலும் இழுத்துக்கொள்வதால் கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று எண்ணி, எண்ணெய் காய்ச்சித் தடவ ஆரம்பிக்கிறோம். கோளாறு கையிலும் இல்லை, காலிலும் இல்லை, வயிற்றிலும் இல்லை. மூளையில்.

மூளை நம் உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே வாங்கிக்கொள்கிறது. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு உபசாரம் நடக்காது! அப்படி வாங்கியதில் சேமித்து வைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மாத மளிகை வாங்கி டப்பாவில் அடைத்து வைக்கும் வழக்கம் மூளைக்குக் கிடையாது. நிமிஷத்துக்கு நிமிஷம் ரத்தம் வந்துகொண்டே இருக்கவேண்டும். வருகிற குழாயில் ஒரு கட்டி போய் அடைத்துக்கொண்டால், அந்தக் குழாயை நம்பியிருந்த பகுதி வாட ஆரம்பிக்கிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க டாக்டர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். அடைப்பதற்குப் பதிலாகக் குழாய் வெடித்து ரத்தம் கசிவதும் உண்டு. அதுவும் பாரிசவாயுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எத்தனை கைராசிக்காரராக இருந்தாலும் நாடி பிடித்து, இது அடைப்பு, இது வெடிப்பு என்று நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது.

அதைச் சொல்வதற்கு ஒரு யந்திரம் வந்தது. நாய் படம் போட்ட இசைத்தட்டுகள் உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் இன்னும் இருக்கலாம். அந்தத் தட்டுகளை வெளியிட்ட ஈ.எம்.ஐ. கம்பெனியில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்று ஓர் என்ஜினீயர் இருந்தார். தலைக்குள்ளே இருப்பதைத் தலையைத் திறக்காமலே படம் பிடிக்கும் ‘ஸி.டி. ஸ்கான்’ யந்திரத்தை அவர்தான் செய்தார். 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு அதில் படம் எடுத்தார்கள். 1979-ல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. பாட்டுக் கம்பெனிக்காரர் செய்த இந்த உபகாரம் இல்லாவிட்டால், பின்னால் வந்த மருந்தால் பிரயோஜனமே இருந்திருக்காது.

அது என்ன மருந்து? ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து. அறிகுறி கண்ட மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995-ல் அமெரிக்காவில் நிரூபித்தார்கள். நாலரை மணி நேரம் வரை போடலாம் என்று 2008-ல் ஐரோப்பாவில் காட்டினார்கள். வெடிப்புக் கேஸில் இதைப் போட்டால் ஆளையே தீர்த்துவிடும். அதனால்தான் முதலில் படம். அதற்கு மேலும் ஒரு வழி உண்டு. தொடையிலிருந்தோ கையிலிருந்தோ மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, மூளை வரை கொண்டுபோய், கட்டியை வெளியே இழுத்துவிடுகிறார்கள். 2015-ல் இது நிலைபெற்றது. பொறுக்கியெடுத்த சில நோயாளிகளுக்கு இருபத்துநாலு மணி நேரம் வரை இதைச் செய்யலாம் என்பது 2018-ல் தெரிந்தது. ஆனால் எதுவானாலும், முந்தினவருக்குத்தான் அதிகப் பலன்.

இதோ, கடிகாரத்துக்கு வந்துவிட்டேன்! ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் முதலில் கேட்பது, "இவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதைத்தான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் படிப்பு வேண்டாம்; பணம் வேண்டாம். வீட்டிலே யாராவது ஒருவர் பார்த்திருக்கவேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் அந்த ஒருவர் நாமாகத்தான் இருப்போம்.

என் அத்தை பெண்ணின் சம்பந்தி வீடு மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்தபோது எடுக்கவில்லை. பேப்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்த மாட்டுப்பெண் இதைக் கவனித்தாள்.

"அப்பா, என்ன பண்றது?"

அவர் என்னவோ சொன்னார். வாயில் வெற்றிலைச் சாற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. ஆனால் அவருக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது.

"ராத்திரி போண்டா வேண்டாம்னு தலையால அடிச்சுண்டேன். வாயுதான். கொஞ்சம் ஓமத் தண்ணி குடு" என்றாள் மாமியார்.

"ஓமத் தண்ணி அப்பறம் ஆகட்டும், அம்மா. அப்பா, எங்கே, கொஞ்சம் சிரியுங்கோ!"

"நன்னாயிருக்கு! காலங்கார்த்தால இது என்னடி கூத்து?"

மாமா சிரித்தார். முகத்தில் பாதிதான் சிரித்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். இடது கை நின்றது. வலது கை மெல்ல இறங்கியது. அந்தப் பெண் கத்தவில்லை, ஓடவில்லை. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். 108-க்குப் போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் வழக்கமான கேள்வி. "எட்டரை இருக்கும்" என்றான், அப்போதுதான் குளித்துவிட்டு வந்த பிள்ளை. "எழுந்ததிலிருந்தே ஒரு மாதிரியாத்தான் இருந்தார்" என்றாள் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. பாவம், அவள் சொன்னதில் கபடம் ஒன்றும் இல்லை. துக்கத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த வார்த்தையின் விலை என்ன தெரியுமா? எழுந்ததிலிருந்தே சரியில்லை என்றால், நன்றாக இருந்தது முதல் நாள் ராத்திரி படுக்கப் போனபோது. ராத்திரி பத்து மணியிலிருந்து கணக்கு ஓடும். நாலரை மணி எப்போதோ தாண்டிப்போயிருக்கும். அந்த ஊசி கிடையாது.

மாட்டுப்பெண் முன்னால் வந்தாள். "இல்லை டாக்டர். ஏழரைக்கு நான் காபி குடுத்தேன். டவராவை ஒரு கையிலும் டம்ளரை ஒரு கையிலும் பிடிச்சுண்டு, ஒரு முழம் தூக்கி ஆத்தினார். ஒரு சொட்டு சிந்தலை. பேப்பர் விழுந்தது ஏழு ஐம்பதுக்கு."

காபி ஆற்ற இரண்டு கையும் வேண்டும், கண் வேண்டும், நிதானம் வேண்டும். இதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்? படம் எடுத்தார்கள், வெடிப்பு இல்லை, அடைப்பு. 9.25-க்கு ஊசி ஏறியது. இன்றைக்கு மாமாவுக்கு வலது கை விரல்களில் கொஞ்சம் மரமரப்பு இருக்கிறது. காபியை அவரேதான் ஆற்றிக்கொள்கிறார். சிந்துகிறது, மாமி ஒன்றும் சொல்வதில்லை.

எல்லாருக்கும் இப்படி நடந்துவிடும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஊசி போட்டும் தேறாதவர்கள் உண்டு. அந்த மருந்தினாலேயே ரத்தக் கசிவு ஏற்படுவதும் சிலருக்கு உண்டு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தூங்கி எழும்போதே பாரிசவாயுவோடு எழுகிறார். அவர்கள் விஷயத்தில் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. இப்போது சில இடங்களில் வேறு விதமான படங்களை எடுத்துப் பார்த்து, அவர்களிலும் சிலருக்கு வழி செய்கிறார்கள். ஆகவே, "நேரம் கடந்துவிட்டது, இனி என்ன?" என்று நாமாகத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். அது டாக்டரின் வேலை. கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

முகம், கை, பேச்சு. இந்த மூன்றையும் அந்தப் பெண் எங்கேயோ படித்து நினைவில் வைத்திருந்தாள். சிரிக்கச் சொல்லிப் பார்ப்பது. இரண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பார்ப்பது. ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லிப் பார்ப்பது. "இன்றைக்கு வெள்ளிக்கிழமை, வாசலில் கோலம் போட்டாச்சா?" என்று கேட்கச் சொன்னால் போதும். திடீரென்று கண் மங்குவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது, இதுவரை வந்தே இராத தலைவலி இடிபோல் வந்து தாக்குவது, இவையும் அதே சேதியைக் கொண்டு வரலாம். இன்னொன்று: பத்து நிமிஷம் கை மரத்து, வாய் குழறி, தானே சரியாகிப் போனால் "போச்சு, பிள்ளையார் காப்பாற்றினார்" என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளையார் முன்கூட்டித் தந்தி கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். பெரிய அடி பின்னாலேயே வரலாம். முதல் இரண்டு நாட்கள்தான் மிகவும் அபாயம். அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. தண்ணீர், காபி, ஓமத் தண்ணீர் எதுவும் வாயில் விடக்கூடாது. விழுங்கும் தசையும் சேர்ந்து சோர்ந்திருந்தால், குடித்தது மூச்சுக்குழாயில் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் பிரஷர் மாத்திரையை வாங்கி நாக்கடியில் வைப்பது கூடாது. மாரடைப்புக்குக் கொடுப்பார்களே என்று ஆஸ்பிரினை விழுங்க வைப்பதும் கூடாது. வெடிப்பாக இருந்தால் என்ன ஆவது? பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் பிழைத்துவிடுவார் என்று கைபேசியில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. என் கைபேசிக்கே நாலு தடவை வந்தது. அனுப்பியவர்களில் ஒருவர் எம்.ஏ.! சுத்தப் பொய். பத்து விரலைக் குத்துகிற நேரத்தில் ஆம்புலன்ஸ் பாதி வழி வந்திருக்கும். புறா ரத்தம் தடவுகிற வழக்கமும் இன்னும் போகவில்லை. அந்தப் புறாவுக்காக நான் பரிதாபப்படுகிறேன். அதற்கும் பலன் இல்லை, நோயாளிக்கும் பலன் இல்லை.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதையும் இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்வது உத்தமம். ராத்திரியிலும் ஸி.டி. ஸ்கான் நடக்கிறதா, அந்த ஊசி போடுகிறார்களா, இந்த இரண்டு கேள்விதான். கிட்டத்தில் இருக்கிறது என்பதற்காகவோ, நம் பிரசவத்தை நன்றாகப் பார்த்தார்கள் என்பதற்காகவோ போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒருத்தி இருக்கிறாள். அறுபது வயதுக்கு மேல் ஆகியும் குரல் பிசிறாதவள். ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, நாலு பெண்களுக்கு வர்ணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றாள். பிறகு என்னென்னவோ சம்பந்தமில்லாத வார்த்தைகள் வாயில் வந்தன. டீச்சர் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக் குழந்தைகள் நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு சத்தம் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குழந்தைகளை எப்படிக் குற்றம் சொல்வது? பெண் ஆபீஸிலிருந்து எட்டு மணிக்கு வந்து பார்த்து, எட்டரைக்குள் பக்கத்துத் தெரு நர்ஸிங் ஹோமில் சேர்த்துவிட்டாள். ஆறு மணியிலிருந்து நாலரை மணி நேரம் என்றால் பத்தரை. இன்னும் இரண்டு மணி நேரம் கையில் இருந்தது. அங்கே ஸ்கான் கிடையாது. "ஸ்பெஷலிஸ்ட் காலையில் வருவார்" என்று சொல்லி, கையில் ஒரு பாட்டில் மருந்தை ஏற்றிப் படுக்க வைத்தார்கள். "இங்கே வசதி இல்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று அந்த எட்டரை மணிக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலையில் ஸ்பெஷலிஸ்ட் வந்தார். வந்து என்ன செய்வது?

டீச்சருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் பேசுவது அவளுக்குப் புரிகிறது. என்ன சொல்லவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிகிறது. சொல்தான் வரவில்லை. 1861-ல் பாரிஸ் நகரத்தில் பால் ப்ரோகா என்ற டாக்டர் இப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஓர் ஒலியைத் தவிர அவர் வாயில் வேறு வராது. அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்து, இடது பக்கத்தில் முன்பகுதி சிதைந்திருப்பதைக் கண்டு, பேச்சுக்கு இடம் அது என்று ப்ரோகா சொன்னார். பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடது பாதியில்தான் இருக்கிறது. ஆகவேதான் வலது கையும் பேச்சும் ஜோடியாகப் போகின்றன.

பார்க்க வந்தவர்கள் படுத்திய பாட்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பேச்சு இல்லை என்றால் காதும் இல்லை, புத்தியும் இல்லை என்று எப்படியோ முடிவு செய்துவிடுகிறோம். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, "எப்படி இருந்தவள்! இப்படிக் கிடப்பதற்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்று அவள் எதிரிலேயே சொன்னாள் ஒரு புண்ணியவதி. வேறொருத்தி, கைக்குழந்தையிடம் பேசுகிற மாதிரி, "பாப்பா மம்மு சாப்பிட்டாச்சா?" என்றாள். நாற்பது வருஷம் நாலு தலைமுறைப் பெண்களை அதட்டிப் பாட வைத்தவளிடம்! டீச்சர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அழுகிறாள் பார், ஒன்றும் புரியாமல் அழுகிறாள்" என்றார்கள். எல்லாம் புரிந்துதான் அழுதாள்.

இந்த வியாதி மனிதரைப் பல மாதிரி மாற்றிக் காட்டும். தெரியாவிட்டால் நாம் அதைப் பிடிவாதம் என்போம், அகம்பாவம் என்போம். வலது மூளை அடிபட்டவர்களில் சிலருக்கு, உலகத்தின் இடது பாதியே இல்லாமல் போய்விடும். கண் நன்றாகத்தான் இருக்கும், கவனம் போகாது. இலை போட்டுப் பரிமாறினால் வலது பக்கத்தில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு வைக்கவில்லை, ஊறுகாய் வைக்கவில்லை" என்று கோபித்துக்கொள்வார். இரண்டும் இடது ஓரத்தில் வைத்தது வைத்தபடி இருக்கும். "கண்ணெதிரே வைத்திருக்கிறேன், வேண்டுமென்று வம்புக்கு இழுக்கிறார்" என்று வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்வாள். இலையைச் சற்றுத் திருப்பிப் போட்டுவிட்டு, இடது பக்கமும் பார்க்கும்படி மெல்ல நினைவூட்டவேண்டும். வேறு சிலருக்கு நினைத்த நேரத்தில் சிரிப்பும் அழுகையும் பொங்கிவரும். மனசில் அதற்குக் காரணமே இராது. மனச்சோர்வு மூன்றில் ஒருவருக்காவது வருகிறது. அதற்கும் வைத்தியம் உண்டு. "மனசைத் திடப்படுத்திக்கொள்" என்ற உபதேசம் வைத்தியம் ஆகாது.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் எல்லாருடைய முகத்தையும் கவனிக்கிறோம். நம் முகத்தைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்? கை மரத்தால், "ராத்திரி கை மேலே படுத்துவிட்டேன் போலிருக்கிறது" என்று உதறிவிட்டு இட்லிக்கு அரைக்கப் போய்விடுகிறோம். தலை சுற்றினால் விரதத்தின் மேல் பழி. ரத்த அழுத்தம்தான் இந்த வியாதிக்கு முதல் காரணம். அது 140-க்கு 90 என்று ஏறி நின்றாலும் வலிக்காது, அரிக்காது. அளந்து பார்த்தால்தான் தெரியும். கணவரின் மாத்திரையை மணி தவறாமல் எடுத்துக் கொடுக்கும் எத்தனை பேர் தன் கையை ஒரு தடவை நீட்டி அளந்துகொண்டிருக்கிறார்கள்? உப்பு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். வடு மாங்காயும் மோர் மிளகாயும் அப்பளமும் சேர்ந்தால் அந்தக் கரண்டி எத்தனை தடவை நிரம்பும் என்று நான் கணக்குப் போடப் போவதில்லை. என் வீட்டு ஜாடியையும் காட்டவேண்டி வரும்!

பிள்ளை பெற்றவள் விஷயம் இன்னும் முக்கியம். பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் ரத்தம் உறையும் தன்மை அதிகம். அந்தச் சமயத்தில் மூளையிலிருந்து ரத்தம் திரும்பி வரும் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வது இளம் பெண்களுக்கு உண்டு. உடம்பில் நீர் வற்றினால் அபாயம் கூடும். "பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு போடும்" என்று பத்தியக்காரியின் தாகத்தை அடக்கி வைக்கும் பாட்டிகள் தயவு செய்து இதைக் கேட்டுக்கொள்ளவேண்டும். பிரசவித்தவளுக்குத் தீராத தலைவலி, வாந்தி, கை கால் வெட்டி இழுப்பது என்று வந்தால், அதை ஜன்னி என்றோ திருஷ்டி என்றோ சொல்லிக்கொண்டு உட்காரக் கூடாது.

விழுந்தவர்கள் எழுவது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. வெறிநாய்க் கடிக்கு ஊசி கண்டுபிடித்த லூயி பாஸ்டருக்கு 1868-ல், நாற்பத்தைந்தாவது வயதில், இடது பக்கம் விழுந்துவிட்டது. அந்த ஊசியை முதன் முதலாக ஒரு சிறுவனுக்குப் போட வைத்தது 1885-ல்! அதாவது, பாரிசவாயு வந்து பதினேழு வருஷம் கழித்து. குன்னூரில் 1907 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் நிலையத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய இடது கை ஞாபகம் வரும். நம் எம்.ஜி.ஆரையும் மறந்திருக்கமாட்டீர்கள். 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறோடு இதுவும் சேர்ந்து தாக்கியது. அமெரிக்க ஆஸ்பத்திரியில் இருந்தபடியே தேர்தலில் ஜெயித்து, 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தார். பேச்சு முன்போலத் தெளியவில்லை. ஆனாலும் மேடை ஏறினார். ஜனங்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

எழுவது தானாக நடப்பதில்லை. அதே காரியத்தை நூறு தடவை, ஆயிரம் தடவை செய்யவேண்டும். மூளையில் அழிந்த பகுதி திரும்ப வராது. பக்கத்துப் பகுதிகள் வேலை கற்றுக்கொள்கின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் ஒரு வேடிக்கையான உபாயம் சொன்னார். ஒரு நிலைக்கண்ணாடியை நடுவில் நிறுத்தி, சோர்ந்த கையை அதன் பின்னால் மறைத்துக்கொண்டு, நல்ல கையை அசைக்கவேண்டும். கண்ணாடியில் பார்த்தால் சோர்ந்த கையே அசைகிற மாதிரி இருக்கும். பாரிசவாயுக்காரர்களுக்கு அது உதவுகிறதா என்று 1999-ல் அவரும் கூட்டாளிகளும் பரீட்சை செய்து எழுதினார்கள். இன்று பல இடங்களில் அதைச் செய்விக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2021-ல் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்டு வாங்கிக்கொள்ள நமக்குக் கூச்சம் எதற்கு?

டீச்சர் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் இருக்கும். அவள் பெண் விளக்கேற்றிவிட்டு, தன் பாட்டுக்கு ஒரு பழைய பஜனைப் பாட்டை முணுமுணுத்திருக்கிறாள். பின்னாலிருந்து இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டதாம். திரும்பிப் பார்த்தால் டீச்சர்! "தண்ணீர்" என்று கேட்க வராதவள், பாட்டின் முதல் இரண்டு அடிகளை வார்த்தை பிசகாமல் பாடுகிறாள். எனக்குப் போனில் சொன்னபோது அந்தப் பெண்ணால் பேச முடியவில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பாட்டுக்கு மூளையின் வலது பாதியும் கை கொடுக்கிறது. பேச்சு இழந்தவர்களில் பலருக்குப் பாட்டு மிஞ்சும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது மிஞ்சும். நெட்டுருப் போட்ட ஸ்தோத்திரம் மிஞ்சும். சிலருக்கு வசவு மட்டும் மிஞ்சிப்போய் வீட்டார் தவிப்பதும் உண்டு. அந்தப் பாட்டையே படியாக வைத்துப் பேச்சுக்கு ஏற்றிவிடும் முறை ஒன்றை 1973-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து நிபுணர்கள் வகுத்தார்கள். சொல்லை ராகமாக இழுத்து, நல்ல கையால் தாளம் தட்டிக்கொண்டே சொல்ல வைப்பது, பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. தாளம் தட்டச் சொன்னால் டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

சென்ற மாதம் போயிருந்தேன். "தண்ணீர்", "வா", "போதும்" என்று பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ‘போதும்’ என்பதைத்தான் அடிக்கடி உபயோகிக்கிறாள், முக்கியமாக நலம் விசாரிக்க வருகிறவர்களிடம். அன்றைக்கு நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு போன நாலு பெண்களில் இரண்டு பேர் செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறார்கள். அன்றும் வந்திருந்தார்கள். பெரியவள் அதே வர்ணத்தைப் பாடினாள். டீச்சர் இடது கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். சரணத்தில் ஓர் இடத்தில் கை நின்றது.

"ம்ஹூம்" என்றாள்.

அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.